பன்னிரண்டு புள்ளி ஆறு

2024 அக்டோபர் 16, புதன்கிழமை, காலை 6 மணி 10 நிமிடம். மூன்று நாளாகப் பெய்த மழை அப்போதுதான் தூறலாக இளைத்திருந்தது. காற்று இல்லை. வடமாலபேட்டையில் எங்கள் வீட்டுப் பக்கவாட்டில், தகரக் கொட்டகைக்குக் கீழே நின்ற காரில் நானும் என் மனைவியும் ஏறி உட்கார்ந்திருந்தோம். திருப்பதியில் கண் டாக்டரிடம் அவளுக்கு எட்டு மணிக்கு டோக்கன். சாவியைத் திருப்பினேன். 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. மறுபடியும் திருப்பினேன். மறுபடியும் 'டக்'. ஏழு முறை திருப்பி ஏழு 'டக்' கேட்டேன். எஞ்சின் ஒரு சுற்றுகூடச் சுற்றவில்லை.

"சாமி வெளக்கு எரியுதே" என்றாள் மனைவி. டாஷ்போர்டில் ஒட்டியிருந்த சின்னப் பெருமாளைச் சுற்றி நீலமும் மஞ்சளுமாகப் பொடி விளக்குகள் மினுக்கிக்கொண்டிருந்தன. "அப்ப கரண்டு இருக்குது தானே?"

"அது ஒரு சொட்டு. எஞ்சினச் சுத்தணும்னா ஒரு குடம் வேணும்."

"அந்தக் குடத்த யாரு குடிச்சிட்டாங்க?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. மூன்று வாரமாகவே தயாராக இருந்தது. ஆனால் அவளிடம் சொல்லவில்லை. குடையை எடுத்துக்கொண்டு இருவரும் நெடுஞ்சாலைக்கு நடந்து, புத்தூரிலிருந்து வந்த பஸ்ஸைப் பிடித்தோம். டாக்டரிடம் போய்ச் சேர்ந்தபோது மணி 8.25. டோக்கனில் நான்கு பேர் எங்களைத் தாண்டிப் போயிருந்தார்கள்.

நான் மின்சாரத் துறையில் முப்பத்தொரு வருடம் வீடு வீடாகப் போய் மீட்டர் எண் எழுதினவன். கடைசி ஒன்பது வருடம் சித்தூரில் வேலை. ஓய்வு பெற்ற பின்னும் அங்கேயே இருந்துவிட்டு, இரண்டு வருடம் முன்புதான் சொந்த ஊருக்கு வந்தோம். வருவதற்கு முன்னால், 2022 ஜூன் மாதத்தில், காருக்குச் சித்தூரில் புது பேட்டரி வாங்கிப் போட்டேன். அன்றிலிருந்து அதன் உடம்பை நான் பார்த்த அளவுக்கு என் உடம்பைப் பார்த்ததில்லை.

தினமும் காலை ஆறு மணிக்கு, கையடக்க மீட்டரின் சிவப்பு முனையையும் கறுப்பு முனையையும் பேட்டரியின் இரண்டு தலைகளிலும் வைத்து வோல்ட் பார்ப்பேன். கதவைத் திறந்தால் உள்விளக்கு எரிந்து அளவு ஒரு புள்ளி இறங்கிவிடும். பானெட்டைத் திறக்கும் பிடியோ காருக்குள் இருக்கிறது. அதனால் முந்தின நாள் மாலையே அந்தப் பிடியை இழுத்து, பானெட்டைப் பாதி திறந்த நிலையில் விட்டுவைப்பேன். அக்கம்பக்கத்தார் ஆரம்பத்தில் என் வண்டி ரிப்பேர் என்று நினைத்து விசாரித்தார்கள். பிறகு விட்டுவிட்டார்கள். பேட்டரியின் மேல் ஒரு பச்சைப் பொட்டு இருக்கிறது, அது பச்சையாக இருந்தால் நலம் என்பார்கள். பேட்டரிக்குள் ஆறு அறைகள், அந்தப் பொட்டு ஒரே ஓர் அறையின் செய்தியைத்தான் சொல்லும். ஐந்து அறைகள் பேசாமல் இருக்கும்போது ஒன்றின் பேச்சை நான் நம்பமாட்டேன். வோல்ட்தான் என் நம்பிக்கை. 12.6 என்றால் நிறைந்த பேட்டரி. 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே இறங்கினால் காலையில் கார் கிளம்புவது அதன் விருப்பம்.

பார்த்த அளவை அடுக்களைச் சுவரில் மாட்டியிருக்கும் மாதக் காலண்டரில், அந்தந்தத் தேதியின் கட்டத்தில் எழுதுவேன். அதே கட்டத்தில் மனைவி பால் கணக்கு எழுதுவாள். '12.6, பால் 2.' '12.6, பால் 3, விருந்தாளி.' இப்படி இரண்டு வருடம். மார்கழியில் சில நாள் 12.5 வரும், குளிர் விட்டதும் 12.6க்குத் திரும்பிவிடும்.

இந்தச் செப்டம்பர் கடைசியில் அந்த ஒழுங்கு கெட்டது. 12.5, 12.4, 12.3. திருப்பதிக்கு ஒரு நடை போய்வந்தால் ஒரு புள்ளி ஏறும், இரண்டு நாளில் இரண்டு புள்ளி இறங்கும். அக்டோபர் பன்னிரண்டாம் தேதி 12.1. அதன் பிறகு மழை, நான் பானெட்டைத் திறக்கவில்லை, வண்டியும் வாசலைத் தாண்டவில்லை. பதினாறாம் தேதி ஏழு 'டக்'.

என்ன நடந்தது என்று நான் முன்பே கண்டுபிடித்து வைத்திருந்தேன். செப்டம்பர் 23, திங்கட்கிழமை, பேட்டரியின் தலைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்திருந்ததைச் சுத்தம் செய்ய வண்டியை மெக்கானிக்கிடம் விட்டிருந்தேன். அவருடைய கொட்டகை நெடுஞ்சாலை ஓரத்தில், எங்கள் வீட்டிலிருந்து 640 அடி நடையில் இருக்கிறது. நாற்பதைத் தாண்டியவர். சத்தியவேடு பக்கம் எல்லையோரக் கிராமத்தில் பிறந்தவர். அவர் அப்பா பிறத்தியார் கரும்புத் தோட்டத்தில் கூலிக்கு வெட்டியவர், சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. மகன் சென்னையில் பதினாலு வருடம் கார் வேலை பார்த்துத் தேறி வந்து கடை போட்டவர். சோடா உப்பு கலந்த வெந்நீரை அவர் அந்தத் தலைகளில் ஊற்றியதும் நுரை பொங்கியதை நின்று பார்த்தேன். அதன் பிறகு ஹாரனில் ஏதோ வேலை இருக்கிறது என்றார்.

"நீங்க போய் சாப்ட்டு வாங்க சாரு. வண்டி எங்கியும் போவாது."

போனேன். 12.40க்குப் போய் 3.15க்குத் திரும்பினேன். அந்த இரண்டு மணி முப்பத்தைந்து நிமிடம்தான் இரண்டு வருடத்தில் என் பேட்டரி என் பார்வையில் இல்லாத நேரம். மறுநாளிலிருந்து அளவு இறங்குகிறது. என் நல்ல பேட்டரியைக் கழற்றி, அதே மாதிரி ஒரு பழசை வைத்துவிட்டார். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று மூன்று வாரம் எனக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருந்தேன்.

வாயைத் திறந்தது அக்டோபர் 17, வியாழக்கிழமை காலை. நடைப்பயிற்சி முடித்து நாங்கள் ஐந்து பேர் நெடுஞ்சாலை டீக்கடையில் நின்றிருந்தோம். அதில் ஒருவர் எங்கள் ஊரில் தனியார் பள்ளி நடத்துகிறவர், ஐந்து வேன் வைத்திருக்கிறார். எல்லாரும் அவரைக் கரஸ்பாண்டன்ட் என்றுதான் கூப்பிடுவோம்.

"இன்னா சாரு, நேத்து கார் கௌம்பலியாமே?" என்றார் அவர். "சொல்லியிருந்தா நம்ம வேன்லயே ஏத்திக்கினு போயிருப்பாங்களே. ஆனா டை கட்டிக்கினு வரணும்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

"அது இருக்கட்டும்" என்றார் கரஸ்பாண்டன்ட். "நம்ம ரோட்டு மெக்கானிக் இருக்காரே, அஞ்சு வேனும் அவர்கிட்டயே வருஷ வேலைக்கு விட்டுட்லாமான்னு பாக்கறேன். அவரும் பாவம், இதை நம்பி வண்டியத் தூக்கி நிறுத்தற லிப்ட் ஒண்ணு வாங்கறதுக்கு லோனு எழுதிப் போட்டுக்கினு இருக்காரு. நீங்க ரெண்டு வருஷமா போய்க்கினு இருக்கீங்க. எப்படி ஆளு?"

நான் சொன்னேன்: "வேலை நல்லா செய்வான். பேட்டரி மட்டும் திரும்பி வர்றது நம்மளுதுதானான்னு பாத்துக்கணும்."

ஒன்பது சொல். பிறகு பல முறை எண்ணிப் பார்த்தேன், ஒன்பதுதான். கரஸ்பாண்டன்ட் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "அப்பிடியா சேதி" என்றார். மற்ற மூவரும் தங்கள் டம்ளரையே பார்த்தார்கள். டீக்கடைக்காரர் பாலை ஆற்றுவதை நிறுத்தவில்லை. ஆனால் அவர் காது எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும்.

சொன்னதற்குச் சான்று வேண்டும் என்று அன்று மத்தியானமே மனசு அரிக்கத் தொடங்கியது. சொல்லும் முன் அரித்திருக்கலாம். பேட்டரி ஒவ்வொன்றிலும் ஒரு எண் பொறித்திருப்பார்கள். அதை வாங்கும்போது வாரண்டி அட்டையிலும் எழுதிக் கொடுப்பார்கள். என் அட்டை காருக்குள் முன்பெட்டியில் இருந்தது. எடுத்துப் பார்த்தால் ஈரம் ஏறி எண் இருந்த இடம் நீலக் கறையாகிவிட்டிருந்தது. எல்லாவற்றையும் எழுதி வைக்கும் நான், அந்த எண்ணை வேறெங்கும் எழுதி வைக்கவில்லை. இப்போது வண்டியில் இருக்கும் பேட்டரியின் எண்ணை, பதினோரு இலக்கம், ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டு மறுநாள் வெள்ளிக்கிழமை காலை சித்தூருக்கு பஸ் ஏறினேன். பேட்டரி விற்ற கடையில் பழைய பில் இருக்குமே.

"இம்மா தூரம் போறீங்களே, அந்த மெக்கானிக்கையே ஒரு வார்த்த கேட்டா இன்னா?" என்று, முந்தின இரவு நான் எல்லாவற்றையும் சொல்லக் கேட்டிருந்த மனைவி வாசலில் நின்று கேட்டாள்.

"திருடினவனையே கேக்கறதா?"

"ஊர்ல எல்லாரு மீட்டரையும் பாத்தவரு. போய்ட்டு வாங்க."

அவள் அதை எந்தக் குரலில் சொன்னாள் என்று யோசித்துக்கொண்டே திருப்பதியில் பஸ் மாறினேன்.

சித்தூரில் அந்தக் கடைக்காரர் பங்காருபாளையத்துக்காரர். சீசனில் மாங்காய் மண்டியும் பார்ப்பார், மற்ற மாதங்களில் பேட்டரி. என்னைப் பார்த்ததும் தெலுங்கில் வரவேற்றுத் தமிழில் தொடர்ந்தார்.

"ரண்டி சார், ரண்டி. கூர்ச்சோண்டி, உக்காருங்க. பேட்டரி எப்படி இருக்குது?"

"அது என் பேட்டரிதானான்னு தெரியணும்."

அவர் சிரித்தார். "பொண்டாட்டியக் கேக்கற மாதிரி கேக்கறீங்களே சார்." கம்ப்யூட்டரில் என் போன் நம்பரைப் போட்டு, 2022 ஜூன் பில்லை எடுத்தார். நான் துண்டுச் சீட்டை நீட்டினேன். அவர் ஒவ்வோர் இலக்கமாக வாய்விட்டுப் படித்தார். நான் திரையில் விரல் வைத்து ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தேன். பதினொன்றும் ஒத்துப்போயின. நான் மறுபடியும் படிக்கச் சொன்னேன். மறுபடியும் பதினொன்று.

"மீதே சார். உங்களுதுதான்" என்றார். "எவன் மேலயாவது சந்தேகப்பட்டீங்களா?"

துண்டுச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

"இந்தப் பேட்டரிக்கு இன்னும் வயசு ஆவல. ராத்திரில வோல்ட் எறங்குதுன்னா, வண்டில என்னமோ ஒண்ணு ஒக்காந்து துன்னுக்கினு இருக்குது. அதத் தேடுங்க."

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. மழையில் கழுவப்பட்ட மாந்தோப்புகள், மூடிக்கிடந்த மாம்பழச் சாறு ஆலைகள், சந்திரகிரி வரை ஒரே பச்சை. வேறொரு நாளாக இருந்தால் மரங்களை எண்ணியிருப்பேன். என் வேலையில் இருந்த காலத்தில் யாராவது "பில்லு ரெட்டிப்பா வந்துருச்சி சாரு, மீட்டரு ஓடுது" என்று சண்டைக்கு வந்தால், நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எதையாவது அணைக்காம வுட்டுட்டீங்களா?" ஒருமுறை ஏர்பேடு பக்கம் ஒரு அம்மாள், மீட்டரையே திருட்டு மீட்டர் என்று ஊரைக் கூட்டிவிட்டார். நான் வீட்டைச் சுற்றி வந்து, மாட்டுக்கொட்டகையில் இரண்டு மாதமாகப் பகலிலும் எரிந்த குண்டு பல்பைக் காட்டினேன். மாடு இருட்டில் பயப்படுகிறது என்று அவர்தான் எரியவிட்டிருந்தார். அந்தக் கதையை நான் எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருப்பேன் என்பதற்குக் கணக்கு இல்லை.

இன்னொன்றுக்கும் எனக்குக் கணக்கு வரவில்லை. கரஸ்பாண்டன்ட் டீக்கடையில் அந்த மெக்கானிக்கை 'அவர்' என்றுதான் சொன்னார். 'செய்வான்' என்று சொன்னது நான். அவருடைய அப்பா கரும்பு வெட்டாமல், என் அப்பாவைப் போல நாலு ஏக்கர் வைத்திருந்தால், அந்த ஒன்பது சொல் அவ்வளவு சுலபமாக என் வாயில் வந்திருக்குமா? சந்திரகிரியிலிருந்து திருப்பதி வரும்வரை இதைத்தான் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலை மெக்கானிக்கின் கொட்டகைக்குப் போனேன். அவர் ஒரு டிராக்டரின் அடியிலிருந்து வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். வழக்கமாக ஒரு ஸ்டூலை இழுத்துப் போடுவார். அன்று போடவில்லை.

"நான் பேட்டரி மாத்தற ஆளுன்னு சொன்னீங்களாமே சாரு."

குரல் உயரவில்லை. நான் சித்தூர் போய் எண் பார்த்து வந்ததைச் சொன்னேன். என் பேட்டரி என்னிடமே இருக்கிறது என்றேன். தப்பு என்னுடையது என்றேன்.

"சித்தூர் வரிக்கும் போனீங்களா?" என்றார். "என் கடை உங்க வூட்டுக்கு எத்தினி அடி?"

"அறுநூத்தி நாப்பது."

"அது தெரியுது." கொஞ்ச நேரம் துணியை மடித்துக்கொண்டிருந்தார். "எங்கிட்ட சொல்லி இன்னா ஆவறது சாரு? எங்க சொன்னீங்களோ அங்க சொல்லுங்க. வேன் வேலைக்குன்னு லோனு எழுதிப் போட்டுக்கினு நிக்கறேன் நான்."

"சொல்றேன்."

"எதனால எறங்குதுன்னு தெரியாம போய் இன்னா சொல்லுவீங்க? நம்பர மட்டும் சொன்னா, நடுவுல மாத்திட்டு மறுபடியும் வச்சிட்டான்னு பேசுவாங்க." அவர் சொன்னது சரி. நானே அப்படித்தான் பேசியிருப்பேன். "பேட்டரிய எடுத்தாறேன். இன்னிக்கி சார்ஜ் ஏறட்டும். நாளிக்கி வந்து பாக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, வெயில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தது, அவர் பேட்டரியைப் பைக்கில் கட்டிக்கொண்டு வந்தார். அதைப் பூட்டி, கதவுகளையெல்லாம் சாத்திவிட்டு, கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்தோம். வண்டிக்குள் இருக்கும் சின்னச் சின்னக் கருவிகள் எல்லாம் தூங்கப் போக அவ்வளவு நேரம் வேண்டும் என்றார். பிறகு பேட்டரியின் கறுப்புக் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் பேட்டரிக்கும் நடுவில் தன் மீட்டரைச் சேர்த்தார். இனி எந்தக் கரண்ட் போனாலும் அந்த மீட்டர் வழியாகத்தான் போக வேண்டும். நான் இரண்டு வருடம் வோல்ட் பார்த்தேன், ஒரு நாளும் இப்படிப் பார்க்கவில்லை. குடத்தில் எவ்வளவு இருக்கிறது என்று தினமும் பார்த்தவன், அடியில் ஒழுகுகிறதா என்று பார்க்கவே இல்லை.

மீட்டர் சற்று ஆடி 0.14 ஆம்பியரில் நின்றது.

"நின்னுக்கினு இருக்கற வண்டிக்கி இது 0.03க்குள்ள இருக்கணும்" என்றார். "துன்றது இன்னான்னு பாக்கலாம்."

பானெட்டுக்குள் இருந்த பெட்டியில் ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். எந்த ஃப்யூஸைப் பிடுங்கும்போது அளவு இறங்குகிறதோ அந்த வழியில்தான் ஒழுக்கு. நான் எண்ணிக்கொண்டே வந்தேன். பதினெட்டு. இரண்டு ஃப்யூஸுக்கு ஒரு நூலிழை இறங்கியது, அவ்வளவுதான். பதினெட்டையும் பிடுங்கிய பின்னும் 0.12 அப்படியே நின்றது. அவர் முகம் சுருங்கியது. இது தெரியாமல் போனால் டீக்கடையில் நான் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது.

"ஃப்யூஸ்ல வராம நேரா எங்கியோ போவுது" என்று சொல்லிக்கொண்டே ஃப்யூஸ்களைத் திரும்பச் செருகிவிட்டு, மீட்டரைக் கழற்றினார். கறுப்புக் கேபிள் அவர் கையில் தொங்கியது. அப்போதுதான் மனைவி இரண்டு டம்ளர் டீயோடு வந்தாள். கண்ணாடி வழியாகக் காருக்குள் பார்த்தவள் நின்றுவிட்டாள்.

"சாமி வெளக்கு ஏன் அணைஞ்சி போச்சி?"

"கேபிள கழட்டியிருக்குதும்மா" என்றார் மெக்கானிக்.

"எப்பவும் எரியறதுன்னு சொல்லித்தானே போட்டாங்க. சாவி எடுத்தாலும் அணையாதுன்னானே அந்தக் கடைக்காரன்."

மெக்கானிக் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்க முடியாமல் பெருமாளைப் பார்த்தேன்.

செப்டம்பர் 21, புரட்டாசி முதல் சனிக்கிழமை. திருப்பதியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கார் சாமான் கடை. மனைவி அந்தப் பெருமாளைத் தேர்ந்தெடுத்தாள். ஒயர் இழுத்தவர் என்னைத்தான் கேட்டார்: "சாவி போட்டா எரியறதா சார், எப்பவும் எரியறதா?" எங்கள் வீட்டுச் சாமி மாடத்தில் ஒரு சின்ன பல்பு இரவும் பகலும் எரிகிறது. அந்தப் பழக்கத்தில், "எப்பவும்" என்று நான்தான் சொன்னேன். அவர் ஃப்யூஸ் பெட்டிக்குப் போகாமல் நேராகப் பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்தார். மூன்று வாரமாக அது என் கண் முன்னால் மினுக்கிக்கொண்டிருந்தது. காரில் கரண்ட் எடுக்கும் பொருட்களை நான் மனசுக்குள் வரிசை போட்டபோது ஹெட்லைட், ஹாரன், ரேடியோ, கடிகாரம் எல்லாம் வந்தன. அது வரவில்லை. அதை நான் சாமி என்று எண்ணியிருந்தேன், பல்பு என்று எண்ணவில்லை.

மெக்கானிக் விளக்கின் ஒயரைப் பிரித்து, மீட்டரை மறுபடி சேர்த்து, கால் மணி காத்திருந்து காட்டினார். 0.02. விளக்குக்கு மட்டும் 0.12. நான் உள்ளே போய்க் காலண்டரைத் தூக்கிக்கொண்டு வந்தேன். 21ஆம் தேதிக் கட்டத்தில் என் கையெழுத்தில் '12.6', அதன் கீழே மனைவியின் கையெழுத்தில் 'பால் 2, சாமி வெளக்கு'. 22ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, '12.5'. வண்டி மெக்கானிக்கிடம் போனது 23ஆம் தேதி. அவர் தொடுவதற்கு முந்தின நாளே அளவு இறங்கியிருந்தது. அதை எழுதியவன் நான். எழுதிவிட்டு, ஒரு புள்ளிதானே என்று தாண்டிப்போனேன்.

மெக்கானிக் அந்த இரண்டு கட்டங்களையும் நிதானமாகப் பார்த்தார். "இதையே கொண்டுபோய் காட்டுங்க சாரு" என்றார். பிறகு மனைவியிடம், "அம்மா, இப்ப எப்பிடி போடட்டும்? சாவி போட்டா எரியற மாதிரி மாத்திடட்டுமா? இல்ல, எப்பவும் எரியணுமா?" என்றார்.

அவள் டம்ளர்களை வாங்கிக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள்.

"மல மேலயே ராத்திரி ஏகாந்த சேவ பண்ணி சாமியத் தூங்க வெக்கறாங்க. நம்ம கார்ல மட்டும் முழிச்சிக்கினே இருக்கணுமா? சாவிலயே போட்ருப்பா" என்றாள். என்னைக் காட்டி, "இவருதான் தூங்கறதில்ல, சாமியாவது தூங்கட்டும்" என்றாள். மெக்கானிக் அன்று முதல் முறையாகச் சிரித்தார். சிரிப்பு அவள் பக்கம்தான் போனது.

திங்கட்கிழமை, அக்டோபர் 21, காலை 6.50. காலண்டரைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு டீக்கடையில் நின்றேன். வியாழக்கிழமை கேட்டவர்கள் நாலு பேர், டீக்கடைக்காரரோடு ஐந்து. நாலு பேரில் மூவர்தான் வந்திருந்தார்கள். நான் டீ சொல்லாமல் காத்திருந்தேன்.

"இன்னா சாரு, காலண்டர் விக்கறீங்களா?" என்றார் கரஸ்பாண்டன்ட். "இன்னும் ரெண்டு மாசந்தான் பாக்கி இருக்குதே, யாரு வாங்குவாங்க?"

ஏழு மணி ஐந்துக்கு நாலாவது ஆள் வந்தார். நான் காலண்டரை விரித்து எல்லாவற்றையும் சொன்னேன். சித்தூர்க் கடையின் எண், பதினெட்டு ஃப்யூஸ், 0.12, இரண்டு கட்டங்கள். செப்டம்பர் 21 காலை பதினோரு மணியிலிருந்து அக்டோபர் 16 காலை ஆறு மணி வரை 595 மணி நேரம், விளக்கு குடித்தது 71.4 ஆம்பியர் மணி, என் பேட்டரி கொள்ளுவது 35, அதாவது ஓடி ஓடி வண்டி நிரப்பியதையும் சேர்த்து இரண்டு பேட்டரிக்கு மேல் என்றும் சொன்னேன். யாரும் அந்தக் கணக்கைக் கேட்கவில்லை என்பது பாதியில் தெரிந்தது. அதனால் கடைசியில் சுருக்கமாகச் சொன்னேன்: "அவர் மாத்தல. நான்தான் தப்பா சொன்னேன்."

"அப்ப இத்தினி நாளா சாமிதான் திருடிக்கினு இருந்தாரா" என்றார் கரஸ்பாண்டன்ட். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்து முடித்த பின் அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "ஆனா சாரு, நீங்க சொன்ன மறுநாளே மூணு வேனுக்கு புத்தூர் ஆளுகிட்ட முன்பணம் குடுத்துட்டேன். அத இனிமே திருப்பி வாங்க முடியாது. மீதி ரெண்ட இவருக்கு விடறேன்."

"மூணு எப்ப முடியும்?"

"வருஷம் ஆவும்."

அந்தச் செய்தியை நானே போய் மெக்கானிக்கிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார். ரெண்டு வேனை வைத்து லிப்ட் வாங்க முடியாது, ரெண்டு வேனுக்குக் குனிந்தே வேலை பார்த்துக்கொள்கிறேன் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு அளவைப் படித்துக் காட்டுகிறவரைப் போலச் சொன்னார். பிறகு ஒரு சீட்டில் எனக்குப் பில் எழுதினார்.

இரண்டு வருடமாக அவர் வண்டியைப் பார்த்துச் சொல்வதற்குப் பணம் வாங்கியதே இல்லை. "பாக்கறதுக்கு இன்னா சாரு காசு, வேல செஞ்சாத்தானே" என்பார். அன்று சீட்டின் முதல் வரி, 'செக்கிங் 200' என்றிருந்தது. அதை இரண்டு முறை படித்தேன். பணத்தைக் கொடுத்தேன். அவர் எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டார். அதுவும் இதற்கு முன் நடந்ததில்லை. நான் கிளம்பும்போது ஸ்டூல் மூலையிலேயே இருந்தது. அடுத்த அக்டோபரில் வேன் வேலை புதுப்பிக்கும் நாள் வரும்போது கரஸ்பாண்டன்டுக்கு நினைவூட்ட வேண்டும் என்று, வீட்டுக்கு வந்ததும் காலண்டரின் பின்பக்கத்தில் எழுதி வைத்தேன்.

இப்போது காலையில் 12.6 நிற்கிறது. விளக்கு சாவியோடு எரிகிறது, சாவியோடு அணைகிறது. செலவு: சித்தூருக்குப் போக வர பஸ் 230, அங்கே டிபனும் காபியும் 85, பேட்டரி சார்ஜ் 150, ஒயரும் ரிலேயும் 90, செக்கிங் 200. ஆக மொத்தம் 755 ரூபாய்.